ரெக்கார்டிங் வசதியுள்ள டி.டி.எச்.: முதலில் எண்ண வேண்டியது கேபிள்களை

தீபாவளி காலை. ஒரு சேனலில் பட்டிமன்றம். அதே நேரத்தில் இன்னொரு சேனலில் ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக’ ஒரு படம். வீட்டில் டி.வி. ஒன்றுதான். பட்டிமன்றத்தை இப்போது பார்த்துவிட்டு, படத்தைப் பதிந்து வைத்து இரவில் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் பலர் ரெக்கார்டிங் பாக்ஸ் வாங்குகிறார்கள். பண்டிகை அன்று பதிவு பட்டனை அழுத்திவிட்டுச் சேனலை மாற்றினால், ‘பதிவு நடக்கிறது, நிறுத்தவா?’ என்று திரை கேட்கிறது. பாக்ஸ் கெட்டுப்போகவில்லை. அந்த பாக்ஸால் அவ்வளவுதான் முடியும். வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று வாங்குபவருக்கும் தெரியவில்லை.

எந்த கம்பெனி நல்லது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதால்தான் இந்த ஏமாற்றம் வருகிறது. பதிவு செய்வது என்று பார்த்தால் கம்பெனிப் பெயரைவிட முக்கியமானவை நான்கு: பாக்ஸுக்குள் எத்தனை டியூனர், மொட்டை மாடியிலிருந்து எத்தனை கேபிள் இறங்குகிறது, பதிவு எதில் போய் உட்காருகிறது, கரண்ட் போனால் என்ன ஆகிறது. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மற்ற மூன்றும் வீண்.

டியூனர் என்பது கண்

சேனல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அலையில் வருவதில்லை. செயற்கைக்கோளில் உள்ள ஒரு டிரான்ஸ்பாண்டரில் (அலைபரப்பியில்) பத்துப் பதினைந்து சேனல்கள் கட்டாகக் கட்டப்பட்டு ஒரே அலையில் வருகின்றன. ஒரு டியூனர் ஒரு நேரத்தில் ஒரு கட்டைத்தான் பிடிக்கும். ஒரு கட்டில் இருப்பதைப் பதிந்துகொண்டே இன்னொரு கட்டில் இருப்பதைப் பார்க்க இரண்டாவது டியூனர் வேண்டும். இரண்டு சேனல்களும் ஒரே கட்டில் இருந்தால் ஒற்றை டியூனர் பாக்ஸ்களில் சில அதை அனுமதிக்கும். ஆனால் எந்தச் சேனல் எந்தக் கட்டில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறுவதால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

இந்தியாவில் இந்த வசதி பரவலாகத் தெரியவந்தது 2008-இல், டாடா ஸ்கை பிளஸ் வந்தபோது. உள்ளேயே ஹார்ட் டிஸ்க், இரண்டு டியூனர், ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். (அந்த நிறுவனம் 2022 ஜனவரியில் டாடா பிளே என்று பெயர் மாறியது.) பின்னாளில் பாக்ஸின் விலையைக் குறைக்க வேறொரு வகை பெருகியது. ஒரே டியூனர், உள்ளே டிஸ்க் கிடையாது, பின்னால் ஒரு யு.எஸ்.பி. துளை. அதில் நாம் வாங்கிய பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்கையோ செருகினால் பதிவாகும். இரண்டுக்கும் விளம்பரத்தில் ஒரே சொல்தான்: ‘ரெக்கார்டிங்’. ‘அன்லிமிடெட் ரெக்கார்டிங்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை டிஸ்க் வேண்டுமானாலும் மாற்றி மாற்றிச் செருகலாம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு சேனல் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘ரெக்கார்டிங் இருக்கிறதா?’ என்பதல்ல. ‘ஒரு சேனலைப் பதிந்துகொண்டே வேறு எந்தச் சேனலையும் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். ‘எந்தச் சேனலையும்’ என்பதை அழுத்திக் கேளுங்கள். ‘பார்க்கலாம் சார்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பாக்ஸைத் திருப்பி முதுகைப் பாருங்கள். டிஷ் கேபிள் உள்ளே வரும் ‘இன்’ துளை இரண்டு இருந்தால் நம்பலாம், ‘அவுட்’ என்று எழுதியது கணக்கில் வராது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது ஒற்றைக் கேபிளில் பல டியூனர் வேலைசெய்யும் எஸ்.சி.ஆர். வகையாக இருக்க வேண்டும், அதற்கென்று தனி எல்.என்.பி. (டிஷ்ஷின் முனையில் உள்ள அலைவாங்கி) தேவை. இரண்டும் இல்லை என்றால் ஒற்றை டியூனர்தான்.

ஒற்றை டியூனரைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் கிரிக்கெட் பார்ப்பவருக்கு, பதிவு நடக்கும் நேரத்தில் டி.வி. முன்னால் வீட்டில் யாரும் இல்லை என்றால், யு.எஸ்.பி. பாக்ஸே போதும். மாலை ஆறரை முதல் பத்து வரை ஒருவர் ஒரு சேனலின் தொடர்களையும் இன்னொருவர் வேறொரு சேனலின் தொடர்களையும் விடாமல் பார்க்கிற வீடு என்றால் இரண்டு டியூனருக்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள். அங்கே யு.எஸ்.பி. பாக்ஸ் சண்டையைத்தான் தீர்க்காமல் வைத்திருக்கும்.

ஒரு கேபிளால் ஏன் முடியாது

இதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகச் சொதப்பப்படும் இடம். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி., வானத்திலிருந்து வரும் 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. வானத்தில் செங்குத்து அலை, கிடைமட்ட அலை என்று இரண்டு வகையாகச் சேனல்கள் வருகின்றன. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு வகையைத்தான் அனுப்ப முடியும். எது வேண்டும் என்பதை பாக்ஸ்தான் அதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பிச் சொல்கிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 வோல்ட் என்றால் கிடைமட்டம். மேல் அலைவரிசை வேண்டுமானால் அதன்மேல் 22 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்று சேரும்.

இப்போது இரண்டு டியூனர் பாக்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரு டியூனர் 13 வோல்ட் கேட்கிறது, இன்னொன்று 18. ஆகவே எல்.என்.பி.யிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் வர வேண்டும். எல்.என்.பி.யும் ‘ட்வின்’ வகையாக, அதாவது இரண்டு வாயும் தன்னிச்சையாக வேலைசெய்வதாக இருக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் டெக்னீஷியன் சில சமயம் என்ன செய்கிறார்? பழைய ஒற்றைக் கேபிளை அப்படியே விட்டு, பாக்ஸுக்கு அருகில் ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு துளையிலும் சொருகிவிடுகிறார். டி.வி. ஓடுகிறது, பதிவும் ஆகிறது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பிரச்சினை இரண்டு நாள் கழித்துத் தெரியும். இரண்டு டியூனரும் வேறுவேறு வோல்ட் அனுப்பும்போது அதிகமான 18-தான் மேலே போய்ச் சேரும். செங்குத்து அலையில் வரும் சேனல் அந்த நேரத்தில் கறுத்துப்போகும். தனியாகப் பார்த்தால் எல்லாச் சேனலும் தெளிவாக வரும். பதிவு ஓடும்போது மட்டும் சில சேனல்களில் ‘சிக்னல் இல்லை’ என்று வரும். இந்த அறிகுறி தெரிந்தால் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள், கஸ்டமர் கேர் சொல்வது போல ரீஸ்டார்ட் செய்துகொண்டும் இருக்காதீர்கள். கேபிளைப் பின்தொடர்ந்து போய் ஸ்பிளிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வீட்டில் ரெக்கார்டிங் பாக்ஸ் ஒன்று, சாதாரண பாக்ஸ் இரண்டு என்றால் மொத்தம் நான்கு கேபிள். அதற்கு ‘குவாட்’ எல்.என்.பி. வேண்டும். பெயர் ஒலி ஒத்திருக்கும் ‘குவாட்ரோ’வை வாங்கிவிடாதீர்கள். அதன் நான்கு வாயும் நான்கு நிலையான அலைவகைகளைத் தருபவை, ஒவ்வொரு பாக்ஸும் கேட்கும் அலைவகையை அதற்குப் பிரித்துக் கொடுக்கும் மல்ட்டிஸ்விட்சை இடையில் வைத்தால்தான் அது உதவும். அடுக்ககங்களில் பொது டிஷ் வைத்து மல்ட்டிஸ்விட்ச் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் கேபிள் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றுதான். இரண்டாவது கேபிள் உங்கள் ஹாலுக்கு வர வழியிருக்கிறதா என்று அசோசியேஷனில் கேட்காமல் இரண்டு டியூனர் பாக்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கேபிள் ஆர்.ஜி.-6 என்று எழுதிய வகையாக இருக்கட்டும். 30 மீட்டருக்குள் முடிந்தால் நல்லது. அந்த நீளத்திலேயே மேல் அலைவரிசையில் ஏறத்தாழ 10 டெசிபல் இழப்பு வந்துவிடுகிறது. வழியில் ஒட்டு போட்ட இடங்கள் கூடாது. எல்.என்.பி.யில் திருகும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது. கனெக்டரின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு கோடையில் பிசின் உருகிக் கழன்றுவிடும். துருப்பிடித்த கனெக்டரில் 18 வோல்ட் குறைந்து போய்ச் சேரும்போது முதலில் அடிவாங்குவது கிடைமட்ட அலைச் சேனல்கள்தான்.

உங்கள் வீட்டு வானம்

எந்த நிறுவனம் என்பதை வீட்டின் அமைப்பே பாதி முடிவுசெய்துவிடும். டாடா பிளே, பூமத்திய ரேகைக்கு மேலே 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகிறது. 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 முழுவதுமே அவர்களுக்காகத்தான் போனது. டி2எச் 88-இல், டிஷ் டி.வி. 95-இல் (2018-இல் இரண்டும் ஒரே நிறுவனமாகிவிட்டாலும் டிஷ்கள் பார்க்கும் திசை வேறு), சன் டைரக்ட் 93.5-ஐயும் 91.5-ஐயும் ஒரே டிஷ்ஷில் பிடிக்கிறது, ஏர்டெல் 108.2-இல்.

சென்னையிலிருந்து கணக்குப் போட்டால் 83 டிகிரி செயற்கைக்கோள் ஏறக்குறைய நேர் தெற்கில், தரையிலிருந்து 74 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. 93.5 என்பது தென்கிழக்கில் 68 டிகிரி உயரம். 108.2 என்பது கிழக்கு-தென்கிழக்கில் 54 டிகிரி. மொட்டை மாடி உங்களுடையது என்றால் இந்த எண்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். பால்கனியில்தான் டிஷ் என்றால் இவைதான் எல்லாம். மேல்வீட்டு பால்கனித் தளம் உங்கள் டிஷ்ஷுக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். 74 டிகிரியில் வரும் அலை அந்தத் தளத்தில் முட்டாமல் இறங்க, டிஷ்ஷின் உட்பக்க விளிம்புகூடத் தளத்தின் ஓரத்திலிருந்து சுமார் 42 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ் என்றால் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். 54 டிகிரிக்கு அதே இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. பால்கனி கிழக்கைப் பார்த்திருந்தால் ஏர்டெல் உள்ளேயே உட்கார்ந்துவிடும். மேற்கையும் வடக்கையும் மட்டும் பார்த்த வீட்டுக்கு, மாடியில் இடம் கிடைக்காதவரை எந்த டி.டி.எச்.சும் சரிவராது.

தென்னை மரத்தை இன்றைக்கு உள்ள உயரத்தில் பார்க்காதீர்கள். காற்றில் ஆடும் மட்டை அலையின் குறுக்கே வந்து வந்து போனால், பார்க்கும்போது கண நேரக் கட்டங்களாகத் தெரிந்து மறையும். பதிவிலோ அந்த இடத்தில் படம் உறைந்து நிற்கும், சில பாக்ஸ்களில் பதிவே இரண்டு துண்டாகிவிடும்.

மழை இன்னும் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் பதிவு செய்ய ஆசைப்படும் நாட்களும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகள் முழுவதும் அக்டோபர், நவம்பரில். டி.டி.எச். வரும் கே.யு. அலைவரிசை கனமழையில் தேயும், இதற்கு எந்த நிறுவனமும் விதிவிலக்கல்ல. மழை தொடங்கும் உயரம் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 74 டிகிரியில் வரும் அலை மழைக்குள் 5.2 கிலோமீட்டர் பயணிக்கிறது, 54 டிகிரியில் 6.2. வித்தியாசம் உண்டு, ஆனால் டிஷ் சரியாகத் திருப்பப்பட்டிருப்பது அதைவிடப் பெரிய வித்தியாசத்தைத் தரும். மெனுவில் ‘சிக்னல் ஸ்ட்ரெங்த்’, ‘குவாலிட்டி’ என்று இரண்டு பட்டைகள் வரும். டெக்னீஷியன்கள் முதலாவதைக் காட்டித் திருப்திப்படுத்துவார்கள். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவதை. வெயில் நாளில் குவாலிட்டி எண்ணைக் குறித்து வையுங்கள். செப்டம்பரில் மறுபடி பார்த்து அது இறங்கியிருந்தால், மழைக்கு முன்பே கிளாம்ப் போல்ட்டை இறுக்கி டிஷ்ஷைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்வு கோடையில் தெரியாது, முதல் மழையில் தெரியும்.

60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் போட்டால் பரப்பு 2.25 மடங்காகி, சிக்னல் சுமார் 3.5 டெசிபல் கூடும். பெருமழையில் படம் போவதை இது முழுக்கத் தடுக்காது, போய் வரும் நேரத்தைக் குறைக்கும். பெரிய டிஷ் காற்றை அதிகம் வாங்கும், குறி தப்பினால் அதிகம் தண்டிக்கும். கடலோர ஊர்களில் தூணைக் கான்கிரீட்டில் பதிக்க முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது படம் போய்த் திரும்பும். டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டாம்.

எவ்வளவு இடம் வேண்டும்

மனதில் வைத்துக்கொள்ள ஒரே கணக்கு: 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் வரும் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 0.45 ஜிபி எடுக்கும். சாதாரண எஸ்.டி. சேனல் 2 எம்பிபிஎஸ் என்று கொண்டால் மணிக்கு 0.9 ஜிபி, எச்.டி. 6 எம்பிபிஎஸ் என்றால் 2.7 ஜிபி. வாரத்துக்கு ஆறு நாள் அரை மணி நேரத் தொடர் எஸ்.டி.யில் 2.7 ஜிபி. நான்கு மணி நேர டி20 ஆட்டம் எச்.டி.யில் 11 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஐந்து நாள் டெஸ்ட், நாளுக்கு ஏழு மணி நேரம், 95 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவ் எச்.டி.யில் பதினோரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். உள்டிஸ்க் 500 ஜிபி என்று எழுதியிருந்தால் ஒரு பகுதியை பாக்ஸ் தன் வேலைக்கும் நேரலையை நிறுத்திவைக்கும் வசதிக்கும் எடுத்துக்கொள்ளும். 500 ஜிபி முழுவதும் நமக்கே என்று கணக்குப் போடாதீர்கள்.

அந்த நிறுத்திவைக்கும் வசதிதான் பென் டிரைவ்களைத் தின்கிறது. அது இயங்கும்வரை, நாம் பதியச் சொல்லாவிட்டாலும் பார்க்கும் சேனலை பாக்ஸ் எழுதிக்கொண்டே இருக்கும். எச்.டி.யில் நாளுக்கு எட்டு மணி நேரம் டி.வி. ஓடினால் 21 ஜிபிக்கு மேல் தினமும் எழுதப்படுகிறது. மலிவான பென் டிரைவ் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. சில மாதங்களில் வேகம் குறைந்து, பதிவில் படம் திக்கும். பிறகு ஒருநாள் ‘சாதனம் இல்லை’ என்று வரும். மெனுவில் அந்த வசதியை அணைத்து வைக்க முடிந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத டிஸ்க் சிறியதாக ஒன்றை யு.எஸ்.பி. உறைக்குள் போட்டுச் செருகுங்கள். என் கணிப்பில் யு.எஸ்.பி. பாக்ஸுக்கு இதைவிட நல்ல துணை இல்லை: சத்தமில்லை, சூடில்லை, கரண்ட் குறைவாகவே இழுக்கும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யு.எஸ்.பி. 2.0 துளை தரக் கடமைப்பட்டது 500 மில்லியாம்ப் மட்டுமே. இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதைப்போல இரு மடங்குகூட இழுக்கும். தடவித் தடவி ‘டிக் டிக்’ என்று நின்றுபோகும் டிஸ்க்குகளில் பல, கம்ப்யூட்டரில் போட்டால் நன்றாகவே ஓடும். தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் வழியாகக் கொடுத்தால் சரியாகிவிடும். நீளமான யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். எந்த டிஸ்கைச் செருகினாலும் பாக்ஸ் முதலில் அதைத் தன் முறையில் ஃபார்மேட் செய்யும். கல்யாணப் படங்கள் உள்ள டிஸ்கைச் செருகி ‘ஓகே’ அழுத்திவிடாதீர்கள்.

உள்டிஸ்க் பாக்ஸுக்கு எதிரி சூடு. டி.வி. ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுக்குள், இன்வெர்ட்டருக்கு மேல், துணி போர்த்தி வைக்கக் கூடாது. நான்கு பக்கமும் ஒரு சாண் காற்று வேண்டும்.

பதிவு யாருடையது

கட்டணச் சேனல்களின் பதிவு பூட்டிய வடிவில்தான் எழுதப்படுகிறது. அந்த பாக்ஸ், அதில் செருகியுள்ள சந்தா கார்டு இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். டிஸ்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் எதுவும் ஓடாது, அண்ணன் வீட்டில் உள்ள அதே நிறுவன பாக்ஸில் போட்டாலும் ஓடாது. பாக்ஸ் கெட்டு மாற்றிக் கொடுத்தால் பழைய பதிவுகள் டிஸ்கிலேயே இருக்கும், திறக்கத்தான் வழியிருக்காது. பெரும்பாலான பாக்ஸ்களில் ரீசார்ஜ் முடிந்தாலும் பழைய பதிவுகள் பூட்டிக்கொள்ளும். மகள் பாட்டுப் போட்டியில் பாடியதைக் காலம் முழுக்க வைத்திருக்கலாம் என்று பதிபவர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அது போன்றவற்றைச் சேனலிடமே கேட்டு வாங்குங்கள். டி.டி.எச். பதிவைப் பிரிட்ஜில் வைத்த சாம்பார் போல நினைத்து நடத்துவதே சரி.

இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு, மாதக் கட்டணம் இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ். கடையில் கிடைக்கும் பல ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களில் யு.எஸ்.பி. பதிவு உண்டு. பூட்டில்லாத சேனல் என்பதால் அந்தப் பதிவு சாதாரணக் கோப்பாகவே விழுகிறது, கம்ப்யூட்டரில் ஓடும். தமிழ்ச் சேனல்கள் அதில் மிகக் குறைவு. ஆனால் டி.டி. தமிழில் (2024 ஜனவரி வரை பொதிகை) வரும் கச்சேரிகளையும் பழைய நிகழ்ச்சிகளையும் சேர்த்து வைக்க விரும்புபவருக்கு இதைவிட உகந்த வழியில்லை. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரியில் உள்ள ஜிசாட்-15-இலிருந்து. சன் டைரக்ட் டிஷ் ஏற்கெனவே அந்தத் திசையைத்தான் பார்க்கிறது. எல்.என்.பி.யில் 93.5-க்கான இன்னொரு வாய் இருந்தால் அதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து ஃப்ரீ டிஷ் பாக்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கரண்ட்

நம் வீடுகளில் இரவு படுக்கும் முன் சுவிட்ச் போர்டில் எல்லாவற்றையும் அணைப்பது நல்ல பழக்கம் என்று கற்றுக்கொடுக்கப்பட்டது. ரெக்கார்டிங் பாக்ஸுக்கு மட்டும் அது ஆகாது. ரிமோட்டில் அணைத்தால் பாக்ஸ் தூங்கும், குறித்த நேரத்தில் எழுந்து பதியும். போர்டில் அணைத்தால் எழாது. 10 வாட் இழுக்கும் பாக்ஸ் மாதம் முழுவதும் ஓடினால் 7.2 யூனிட். இரண்டு மாத பில்லில் பதினான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். இதை ஒப்புக்கொண்டுதான் ரெக்கார்டிங் பாக்ஸ் வாங்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் தெரியும்படி அந்த சுவிட்சின்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் அதன் முகத்தில் ‘யு.பி.எஸ்.’, ‘நார்மல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் மின்சாரம் மாறும் இடைவெளி நீளம், பாக்ஸ் அணைந்து மறுபடி எழுந்து சேனல் தேட ஓரிரு நிமிடம் ஆகும், நடந்துகொண்டிருந்த பதிவு உடையும். யு.பி.எஸ். நிலையில் பெரும்பாலும் பாக்ஸுக்கு மாறியதே தெரியாது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், வைஃபை ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். உதவும், பாக்ஸின் அடாப்டரும் 12 வோல்ட்டாக இருந்தால். அடாப்டரில் எழுதியுள்ள ஆம்பியரைவிட யு.பி.எஸ்.ஸின் ஆம்பியர் குறையக் கூடாது, பின்னின் அளவும் பிளஸ் மைனஸும் ஒத்துப்போக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவிப்பு வந்தால் அந்த நாளின் பதிவுகளை மறுஒளிபரப்புக்கு மாற்றிக் குறித்துவிடுங்கள்.

நேரம் குறிப்பது

பாக்ஸ் நிகழ்ச்சியைப் பார்த்துப் பதிவதில்லை, நிகழ்ச்சி அட்டவணையில் எழுதியுள்ள நேரத்தைப் பார்த்துப் பதிகிறது. தொடர்களில் ‘மகா சங்கமம்’ என்று இரண்டு கதைகளைச் சேர்த்து ஒரு மணி நேரம் காட்டும் வாரத்தில் அட்டவணை பழையபடியே இருந்துவிட்டால் உங்களுக்கு முதல் அரை மணி மட்டும் கிடைக்கும். முன்னால் 5 நிமிடம், பின்னால் 15 நிமிடம் கூட்டிப் பதியும் அமைப்பு மெனுவில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். நேரலை கிரிக்கெட்டுக்கு 15 நிமிடம் போதாது, அதற்கு அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துக் குறித்துவிட வேண்டும். பண்டிகைப் படத்துக்கும் அப்படியே. விளம்பர இடைவேளைகளோடு அது எப்போது முடியும் என்பது எந்த அட்டவணைக்கும் தெரியாது. ஒற்றை டியூனர் பாக்ஸில் இந்தக் கூட்டல் நேரம் அடுத்த பதிவோடு மோதும். அப்போது எது வெட்டுப்படும் என்பதும் பாக்ஸுக்கு பாக்ஸ் மாறும்.

பணம்

சேனல் விலை பெரிய அளவில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதில்லை, அதைச் சேனல்காரர்களே நிர்ணயிக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை டிராய் எடுத்துவிட்டது. ஆகவே இப்போது ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையைத்தான். அதோடு, பதிவு வசதிக்கென்று தனி மாதக் கட்டணம் உண்டா, பாக்ஸ் நமக்கே சொந்தமா வாடகையா, உள்டிஸ்க் கெட்டால் உத்தரவாதம் அதையும் சேர்க்குமா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தில் வேலைசெய்யாது. இங்கே போடும் பணம் மாறும்போது கூட வராது.

பதிவதெல்லாம் தொடர்கள்தான் என்றால் எஸ்.டி.யிலேயே பதியுங்கள், மூன்றில் ஒரு பங்கு இடம்தான் ஆகும். எச்.டி. சேனலுக்குத் தனி விலை. விளையாட்டுக்கும் புதுப்படத்துக்கும் மட்டும் அது தகும்.

டெக்னீஷியன் கிளம்பும் முன்

பொருத்தும் நாளில் அரை மணி நேரம் அவரை உட்கார வைத்துக் காபி கொடுங்கள். ஒரு சேனலைப் பதியவிட்டு, ரிமோட்டில் வேறு பத்துச் சேனல்களுக்குத் தாவிப் பாருங்கள். பிறகு அந்தப் பத்தில் ஒன்றைப் பதியவிட்டு மறுபடி தாவுங்கள். ஒன்றில்கூட ‘சிக்னல் இல்லை’ வரக் கூடாது. வந்தால் கேபிளோ எல்.என்.பி.யோ சரியில்லை, அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து வரும் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துவிட்டு ரிமோட்டில் பாக்ஸை அணையுங்கள். தானாக எழுந்து பதிகிறதா பாருங்கள். பதிவு நடக்கும்போதே மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பாக்ஸ் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பதிவைத் தொடர்கிறதா, கைவிடுகிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாக, டிஷ் கேபிளைக் கழற்றிவிட்டுப் பதிந்ததை ஓடவிடுங்கள். மழையில் சிக்னல் போன இரவில் பழைய பதிவைப் பார்க்க முடியுமா என்பது அதில் தெரியும். சில பாக்ஸ்கள் சிக்னல் இல்லாமல் மெனுவையே திறக்காது.

குவாலிட்டி எண்ணையும், எல்.என்.பி. ட்வினா குவாடா என்பதையும், அன்றைய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி பாக்ஸின் அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை வருபவர் வேறொருவராக இருப்பார்.